வான் டாம்: தன்னையே பகடி செய்துகொண்ட ஆக்‌ஷன் நாயகன்

ஆக்‌ஷன் நாயகர்களுக்கு வயதாவதில்லை என்பது திரையுலகின் எழுதப்படாத விதி. 50 வயதைத் தாண்டிய பிறகும் பத்து பேரை ஒரே ஆளாக அடித்து வீழ்த்துவார்கள். ரசிகர்களும் அதை நம்புவதுபோல் பாவனை செய்வார்கள். ஆனால் உடம்புக்கு இந்த விதி தெரியாது. முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும், முகத்தில் சுருக்கம் விழும். அந்த நிலையில் ஒரு நாயகனுக்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, எதுவும் மாறவில்லை என்று தொடர்ந்து நடிப்பது. மற்றொன்று, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவது. இரண்டாவது வழியில் வெகுதூரம் நடந்தவர்களில் முக்கியமானவர் பெல்ஜிய நடிகர் ஜான் கிளாட் வான் டாம்.

ப்ரஸ்ஸல்ஸ் முதல் ஹாலிவுட் வரை

1960-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி ப்ரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்த அவருடைய இயற்பெயர் ஜான் கிளாட் வான் வாரன்பெர்க். சிறு வயதிலேயே கராத்தே கற்றார். பிறகு சில ஆண்டுகள் பாலே நடனமும் பயின்றார். கராத்தே வீரன் பாலே ஆடுவதா என்று கேட்கலாம். ஆனால் பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது இந்தக் கலவைதான். காற்றில் சுழன்று உதைக்கும் உதையும், இரு கால்களையும் முழுவதுமாக விரித்து உட்காரும் 'ஸ்ப்ளிட்' நிலையும் நடனத்தின் நளினத்தோடு வந்தன.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவருக்கு உடனே கதவு திறந்துவிடவில்லை. 1984-இல் வந்த 'ப்ரேக்கின்' படத்தில் கூட்டத்தில் ஒருவராக ஆடினார். 1987-இல் வெளியான 'ப்ரிடேட்டர்' படத்தில் வேற்றுக்கிரக உயிரினத்தின் உடைக்குள் நடிக்க முதலில் ஒப்பந்தமானவர் அவர்தான். ஆனால் அந்த வேலை நிலைக்கவில்லை, வேறொருவர் அந்த வேடத்தில் நடித்தார்.

திருப்பம் 1988-இல் வந்தது. மெனாஹெம் கோலன், யோராம் க்ளோபஸ் இருவரும் நடத்திய கேனன் நிறுவனம் குறைந்த செலவில் ஆக்‌ஷன் படங்களைத் தயாரித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஹாங்காங்கில் படமாக்கப்பட்ட 'ப்ளட்ஸ்போர்ட்' அந்த நிறுவனத்தின் மூலம் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 1 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'கிக்பாக்ஸர்' (1989), 'டபுள் இம்பாக்ட்' (1991), 'யுனிவர்சல் சோல்ஜர்' (1992), ஜான் வூ இயக்கிய 'ஹார்ட் டார்கெட்' (1993) என்று ஏறுமுகம்தான். 1994-இல் வந்த 'டைம்காப்' உலகம் முழுவதும் 10 கோடி டாலரைத் தாண்டியது. அதில் சமையலறைத் தரையில் மின்சாரம் பாயும்போது இரு பக்க மேடைகளிலும் கால்களை விரித்து ஏறி நின்று தப்பிக்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. 'மஸில்ஸ் ஃப்ரம் ப்ரஸ்ஸல்ஸ்' என்ற எதுகைப் பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது.

முதல் சிரிப்பு

புகழின் உச்சியில் இருந்தபோதே ஒரு சின்ன ஒத்திகை நடந்தது. 1996 ஜனவரி 28 அன்று ஒளிபரப்பான 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் சிறப்புப் பகுதியில் வான் டாம் வான் டாமாகவே தோன்றினார். நியூயார்க்கில் படப்பிடிப்புக்கு வந்திருக்கும் நட்சத்திரத்துக்காக மோனிகாவும் ரேச்சலும் சண்டை போட்டுக்கொள்வார்கள். 'சூப்பர் பௌல்' கால்பந்து இறுதி ஆட்டம் முடிந்தவுடன் வந்ததால் அந்தப் பகுதியை 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்த நகைச்சுவையில் அவருக்கு ஒரு இழப்பும் இல்லை. அவர் அழகன், பலசாலி, பெண்கள் மயங்கும் நட்சத்திரம் என்பதைத்தான் அது திரும்பச் சொன்னது. தன்னையே கிண்டல் செய்துகொள்ள முதலில் கொஞ்சம் தோற்றிருக்க வேண்டும். அந்தத் தோல்வி அப்போது அவர் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.

சரிவு

1990-களின் பிற்பகுதியில் படங்கள் வரிசையாகத் தோற்றன. கொக்கெய்ன் பழக்கம், மணமுறிவுகள், இருமுனை மனநோய் என்று சொந்த வாழ்க்கையும் தடுமாறியது. இவற்றைப் பற்றி அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 1999-இல் வந்த 'யுனிவர்சல் சோல்ஜர்: தி ரிட்டர்ன்' படத்துக்குப் பிறகு அவர் நாயகனாக நடித்த படங்கள் பெரும்பாலும் அமெரிக்கத் திரையரங்குகளைப் பார்க்கவே இல்லை. நேராக வீடியோ கடைக்குப் போயின.

இந்த 'நேரடி வீடியோ' வியாபாரம் தனி உலகம். உறையில் தெரிந்த முகம் ஒன்று இருந்தால் போதும், பல நாடுகளுக்கு உரிமையை விற்றுவிடலாம். செலவைக் குறைக்க பல்கேரியா போன்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் படம் எடுப்பார்கள். 2002-இல் வந்த 'டிரெய்ல்ட்' அப்படி பல்கேரியாவில் எடுக்கப்பட்டதுதான். நடிகருக்குச் சோறு கிடைத்தது, மரியாதை குறைந்தது. பிரான்சில் நிலைமை இன்னும் மோசம். பிரெஞ்சுக்கு நடுவே ஆங்கிலச் சொற்களைக் கலந்து அவர் தொலைக்காட்சிப் பேட்டிகளில் பேசிய தத்துவங்கள் நாடு முழுவதும் நகைச்சுவைத் துணுக்குகளாயின. 'அவேர்' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லைச் சொன்னாலே மக்கள் அவரை நினைத்துச் சிரித்தார்கள். அதாவது, அவர் தன்னைக் கிண்டல் செய்யத் தொடங்கும் முன்பே ஊர் தொடங்கிவிட்டது.

கண்ணீரும் கிண்டலும்

2008-இல் மப்ரூக் எல் மெக்ரி இயக்கிய 'ஜேசிவிடி' என்ற பிரெஞ்சு மொழிப் படம் இந்த அவமானத்தையே கதையாக எடுத்துக்கொண்டது. அதில் வான் டாமின் பாத்திரம் வான் டாம்தான். கையில் காசில்லை. மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் தோற்கிறார். அப்பா தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று மகளே நீதிமன்றத்தில் சொல்கிறாள். கிடைக்க இருந்த பட வாய்ப்பு ஸ்டீவன் சீகலுக்குப் போகிறது. காரணம், சீகல் தன் குடுமியை வெட்டச் சம்மதித்துவிட்டாராம்! சொந்த ஊருக்குத் திரும்பும் நாயகன் ஒரு அஞ்சலகக் கொள்ளையில் சிக்கிக்கொள்கிறார்.

படத்தின் தொடக்கத்தில் வெட்டே இல்லாத நீண்ட சண்டைக் காட்சி ஒன்று வருகிறது. முடிந்ததும் மூச்சிரைக்க, தனக்கு 47 வயதாகிவிட்டது என்று இயக்குநரிடம் முறையிடுகிறார். பின்னர் ஓரிடத்தில் அவர் இருக்கை அப்படியே மேலே எழும்புகிறது, படப்பிடிப்பு விளக்குகள் தெரிகின்றன, சுமார் ஆறு நிமிடங்கள் கேமராவைப் பார்த்துத் தன் புகழையும் பிழைகளையும் பற்றிப் பேசிக் கண்ணீர் விடுகிறார். அதுவரை அவரை நடிகராகவே மதிக்காத விமர்சகர்கள் திகைத்துப் போனார்கள்.

அடுத்த கட்டம் இலகுவானது. 2012-இல் 'தி எக்ஸ்பெண்டபிள்ஸ் 2' படத்தில் 'வில்லன்' என்பதையே பெயராகக் கொண்ட வில்லனாக வந்தார். 2013 நவம்பரில் வெளியான வால்வோ லாரி விளம்பரத்தில், பின்னோக்கி ஓடும் இரண்டு லாரிகளின் பக்கக் கண்ணாடிகள் மீது கால் வைத்து நின்று, அவை மெல்ல விலக விலக ஸ்ப்ளிட் செய்தார். பாதுகாப்புக் கயிறு இருந்தது உண்மை, ஆனால் 53 வயதில் விரிந்த கால்கள் அவருடையவை. இணையத்தில் கோடிக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள்.

ஜான் கிளாட் வான் ஜான்சன்

இவ்வளவு பாதை கடந்த பிறகுதான் தொலைக்காட்சித் தொடர் வந்தது. டேவ் கலாஹம் உருவாக்கிய 'ஜான் கிளாட் வான் ஜான்சன்' தொடரின் முன்னோட்டப் பகுதியை 2016 ஆகஸ்டில் அமேசான் வெளியிட்டது. முன்னோட்டங்களைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, வரவேற்பைப் பார்த்துத் தொடரைத் தொடங்குவது அந்நிறுவனத்தின் அன்றைய வழக்கம். ஆறு பகுதிகள் கொண்ட முழுத் தொடர் 2017 டிசம்பர் 15 அன்று வந்தது. பீட்டர் அடென்சியோ இயக்கினார். ரிட்லி ஸ்காட்டின் நிறுவனம் தயாரிப்பில் பங்கு கொண்டது.

கதை இதுதான். வான் டாம் உண்மையில் நடிகரே அல்ல, 'ஜான்சன்' என்ற ரகசிய உளவாளி. உலகம் சுற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை காலம் மட்டமான படங்களில் நடித்தார்! ஓய்வு பெற்றுத் தனிமையில் வாடும் அவர், பிரிந்துபோன காதலி வனெஸாவைப் பார்த்ததும் மீண்டும் வேலைக்குத் திரும்புகிறார். அனுப்பப்படும் இடம் பல்கேரியா. மறைப்புக்காக நடிக்கும் படம், மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் கதையை ஆக்‌ஷன் படமாக்கும் ஒரு கூத்து.

நேரடி வீடியோ காலத்தின் காயங்கள் அனைத்தும் இங்கே நகைச்சுவையாகத் திரும்பி வருவதைக் கவனிக்கலாம். பல்கேரியா அவருடைய சரிவின் முகவரி, தொடரில் அதுவே களம். 'டபுள் இம்பாக்ட்' போன்ற படங்களில் மார்தட்டிக்கொண்ட இரட்டை வேடம் இங்கேயும் உண்டு, ஆனால் இரண்டாமவர் ஓர் அப்பாவி. 'டைம்காப்' படத்தின் காலப் பயணமும் கேலிக்கு உள்ளாகிறது. கோட்டை விட்ட வாழ்க்கைக்கு ஒரு ரகசியக் காரணம் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசைதான் தொடரின் அடிப்படை. சிரிப்புக்கு அடியில் இருக்கும் சோகமும் அதுவே.

தொடர் நீடிக்கவில்லை. 2018 ஜனவரியில் அமேசான் அதை நிறுத்திவிட்டது. சில வாரங்களுக்கு முன்புதான், 2017 நவம்பரில், அந்நிறுவனம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தொலைக்காட்சி உரிமையை வாங்கியிருந்தது. மிகப் பெரிய தொடர்களின் பக்கம் அதன் பார்வை திரும்பியிருந்த நேரம் அது.

யார் சிரிக்கிறார்கள்?

இந்த வழியில் போனவர் வான் டாம் மட்டுமல்ல. 1960-களில் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட், 'ஃபேமிலி கை' கேலிச்சித்திரத் தொடரில் தன் பெயரிலேயே ஒரு கிறுக்கு மேயருக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். டேவிட் ஹாசல்ஹாஃப் 2015-இல் 'ஹாஃப் தி ரெக்கார்ட்' என்ற பிரிட்டிஷ் தொடரில் மங்கிப்போன ஹாசல்ஹாஃபாக வந்தார்.

ஆனால் இத்தகைய பகடிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது பழைய சேமிப்பிலிருந்து செலவழிப்பது போன்றது. அந்த உதையை ஒரு காலத்தில் வாய் பிளந்து பார்த்தவர்களுக்குத்தான் இன்று அது தவறும்போது சிரிப்பு வரும். நினைவே இல்லாதவர்களுக்கு அவர் வெறும் தடுமாறும் முதியவர். அதோடு, சேமிப்பு தீர்ந்தால் சிரிப்பும் தீர்ந்துவிடும். கிண்டல் செய்துகொள்ளும் நாயகனிடம் இன்னும் கொஞ்சமாவது பழைய திறமை மிச்சம் இருக்க வேண்டும். லாரிகளுக்கு நடுவே விரிந்த கால்கள் அதற்குச் சாட்சி.

தொடர் நின்ற பிறகும் வான் டாம் நிற்கவில்லை. 2021-இல் 'தி லாஸ்ட் மெர்சினரி' என்ற பிரெஞ்சு ஆக்‌ஷன் நகைச்சுவைப் படத்தில் நடித்தார். 2022-இல் வந்த 'மினியன்ஸ்: தி ரைஸ் ஆஃப் க்ரூ' அனிமேஷன் படத்தில் ஒரு கைக்குப் பதிலாக இராட்சத இறால் கொடுக்கு பொருத்திய வில்லனுக்குக் குரல் தந்தார். அந்த வில்லனின் பெயர் ஜான் க்ளாட். ஆங்கிலத்தில் 'க்ளா' என்றால் கொடுக்கு. ஒரு காலத்தில் தன் பெயரைக் கேலி செய்தவர்கள்மீது வருந்தியவர், இப்போது அந்தப் பெயரைத் தானே பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுத்துவிட்டார். 'ஜேசிவிடி'யில் மகளை அழவைத்த அதே கேலி, இங்கே குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறது. சிரிப்பு ஒன்றுதான். அதைத் தொடங்கி வைப்பவர் யார் என்பதில்தான் அவமானமும் கௌரவமும் பிரிகின்றன.