தென்னவன் பிரமராயன்: வீழ்ச்சியும் பேறும்

சரித்திர நவீனங்களை விரும்பிப் படியாத வாலிபர் நம்மிடையே அரியர். அக்கதைகளில் அரசனுக்கு அடுத்தபடியாக நம் உள்ளத்தைக் கவர்பவன் மந்திரி. அரசனுடைய அன்புக்கு மிக அணித்தாக நிற்பவன் அவனே. ஆதலின் அரசனுடைய கோபத்துக்கும் மிக அணித்தாக நிற்பவன் அவனே. நேற்றுப் பல்லக்கில் சென்றவன் இன்று விலங்கு பூண்டு நிற்பதைப் படிக்கும்போது, புத்தகத்தை மூடி வைக்க நமக்கு மனம் வருவதில்லை.

கல்கி எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ படித்தோர் பரஞ்சோதியை மறவார். வாதாபி வென்ற அச்சேனாபதியே பெரிய புராணத்துச் சிறுத்தொண்ட நாயனார். அவர் அரச சேவையினின்றும் நீங்கிய வகை மாண்புடையது. அவருடைய அடியார் தன்மையை உணர்ந்த பல்லவ மன்னன், பொருளும் மரியாதையும் அளித்து, வணங்கி விடை கொடுத்தான் என்று சேக்கிழார் கூறுவர். ஆனால், அரச சபையை விட்டு வெளியேற மற்றொரு வாயிலும் உண்டு. பழியும் சிறையும் சுடுமணலும் நிறைந்த வாயில் அது. அதன் வழியே வெளியேறிய மந்திரி ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையிற் சிந்திக்க விரும்புகின்றோம். அவர் திருவாதவூரர்; நாம் மாணிக்கவாசக சுவாமிகள் என்று போற்றும் பெரியார்.

மதுரைக்கு அண்மையிலுள்ள திருவாதவூரில் அமாத்தியர் குலத்திற் பிறந்து, இளமையிலேயே கலைகள் யாவும் கற்று, அரிமர்த்தன பாண்டியனிடம் முதன் மந்திரியாய் அமர்ந்தார் அவர். ‘தென்னவன் பிரமராயன்’ என்னும் பட்டம் பெற்றார். கீழைக் கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்திறங்கியுள்ளன என்ற செய்தி கேட்ட மன்னன், பெரும்பொருளைக் கொடுத்து அவரை அனுப்பினான். வழியிலே திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியிற் குருவடிவாய் எழுந்தருளியிருந்த இறைவன் அவரை ஆட்கொண்டான். குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொருள் திருக்கோயிற் பணிக்கும் அடியார் பணிக்கும் செலவாயிற்று. இதனைக் கடவுள் மாமுனிவர் பாடிய திருவாதவூரடிகள் புராணமும், பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணமும் விரித்துரைக்கின்றன.

இந்தக் குதிரைச் செய்தியைச் சிலர் வெறுங் கதையென எண்ணக்கூடும். சரித்திரம் அவ்வாறு எண்ண இடந்தருவதில்லை. தமிழ்நாட்டு மண் நல்ல போர்க்குதிரைகளை வளர்க்கும் மண் அன்று. பட்டினப்பாலை பாடிய காலந்தொட்டே அவை கடல் வழியாக வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர் குதிரைகளைக் கொண்டுவந்ததையும், பாண்டிய அரசன் ஒருவனே ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்பியதையும், பராமரிப்பறியாமையால் அவற்றுட் பெரும்பாலன ஆண்டு முடிவதற்குள் மாண்டுபோனதையும் எழுதி வைத்துள்ளார். அவர் கண்டது மணிவாசகர் காலத்துக்குப் பிற்பட்ட நிலைமையே. எனினும் குதிரை வாங்கும் பொருள் ஒரு நாட்டின் பாதுகாப்புக்குரிய பொருள் என்பது அதனால் விளங்கும். மந்திரியின் கையிற் கொடுக்கப்பட்டது சில்லறைப் பணம் அன்று; குடிகளின் வரிப்பணம்; படையின் உயிர்நாடி.

இங்கேதான் வாலிபர் ஒரு கேள்வி கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்வியே அது. “அரசாங்கப் பணத்தை எடுத்துக் கோயில் கட்டியது நம்பிக்கைத் துரோகம் ஆகாதா? இன்று ஓர் உத்தியோகத்தர் அவ்வாறு செய்தால் நாம் அவரை அடியார் என்போமா, குற்றவாளி என்போமா?” இக்கேள்வியைப் பெரியோர் அதட்டி அடக்குதல் தகாது. “பக்தியின் முன் கணக்கு என்ன?” என்று விடை கூறுதலும் தகாது. புராணமே அவ்வாறு கூறவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

பிற நாட்டிலும் பிற மொழியிலும் இதனையொத்த வரலாறுகள் உண்டு. தெலுங்கு நாட்டிலே 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கஞ்சர்ல கோபன்னா என்னும் பத்திராசல ராமதாசர், கோல்கொண்டா அரசின் வரி அதிகாரியாய் இருந்து, வசூலித்த பணத்தைக் கொண்டு பத்திராசலத்தில் இராமர் கோயிலைத் திருப்பணி செய்தார். அதனாற் பல ஆண்டுகள் கோல்கொண்டாக் கோட்டையிலே சிறையிருந்தார். இராமனும் இலக்குமணனும் மாறுவேடத்தில் வந்து, சுல்தான் தானாஷாவிடம் முழுப்பணத்தையும் செலுத்தி, அவரை மீட்டனர் என்பது வரலாறு. அங்கே கடன் பொன்னாகவே தீர்ந்தது. இத்தாலியிலே தியோடொரிக் மன்னனின் பெருமந்திரியாய் விளங்கிய போயிதியஸ், துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறையிற் கிடந்து, 524ஆம் ஆண்டளவிற் கொலையுண்டார். சிறையில் அவர் எழுதிய தத்துவ நூல் ஐரோப்பாவில் ஆயிரமாண்டுக்கு மேலாகப் பயிலப்பட்டது. அந்நூலின் தொடக்கத்தில் அவர் தம் குற்றமின்மையை நிலைநாட்டவே முயல்கின்றார்.

வாதவூரர் வரலாறு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அவ்வேறுபாட்டிலேதான் அதன் உயிர் இருக்கின்றது.

ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்து சேரும் என்று மன்னனிடம் கூறும்படி குருநாதன் பணித்தான். குறித்த நாள் வருமுன்னரே உண்மையறிந்த மன்னன் அவரைத் தண்டித்தான். பின்னர்க் குதிரைகள் வந்தன. இறைவனே குதிரைச் சேவகனாய் முன்னே வந்தான். மன்னன் மகிழ்ந்து மந்திரியை விடுவித்து உபசரித்தான். மந்திரியின் பெயரைக் காப்பாற்றுவதே கதையின் நோக்கமாயின், இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். பழி நீங்கியது, பதவி திரும்பியது, கணக்குத் தீர்ந்தது என்று மங்களம் பாடியிருக்கலாம்.

ஆனால் அன்றிரவே வந்த குதிரைகள் நரிகளாயின. கொட்டிலில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. மறுநாள் வாதவூரர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டார். முதல் வீழ்ச்சியிற் பதவி போயிற்று. இரண்டாம் வீழ்ச்சியில் “என் பெயர் மீளும்” என்ற நம்பிக்கையும் போயிற்று. திருவருள் தந்த குதிரையே நரியாய் மாறிய பின், அவர் பற்றி நிற்பதற்கு உலகில் எதுவும் எஞ்சவில்லை. ஒருநாள் மீண்டு வந்த பெருமை எவ்வளவு நொய்யது என்பதை அந்த ஓர் இரவு அவருக்குக் காட்டிற்று. ஒரு மனிதன் தன்னை அறிவது அவன் எல்லாவற்றையும் இழந்த பொழுதிலன்று. இழந்ததை மீளப் பெற்று, அதையும் இழந்த பொழுதிலேயே என்று இப்புராணம் நமக்கு உணர்த்துகின்றது போலும்.

பின் நடந்தது நம் வீட்டுச் சிறு குழந்தையும் அறிந்தது. வைகை பெருகியது, வீட்டுக்கொரு பங்காகக் கரை அடைக்கக் கட்டளை பிறந்தது, ஆளில்லாத வந்திக் கிழவிக்கு, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க இறைவன் வந்தான். வேலையைச் சரிவரச் செய்யாத கூலியாளென்று அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் பட்டது. எல்லா உயிர்களின் மீதும் பட்டது. காலையும் மாலையும் பிட்டு உண்ணும் யாழ்ப்பாணத்தவர்க்கு இக்கதையில் ஒரு தனி உரிமை உண்டு என்று நம் பெரியோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனினும் வேடிக்கைக்கப்பால் ஒரு பொருள் உண்டு. மந்திரியின் கடனை இறைவன் பொன்கொடுத்துத் தீர்க்கவில்லை. “கடனே இல்லை” என்று தள்ளுபடி செய்யவுமில்லை. அடிபடும் இடத்திலே தானும் வந்து நின்றான். தண்டித்த மன்னனைக் கொடியவனென்று புராணம் தூற்றவில்லை. அவனும் அடியின் வலியை உணர்ந்து தெளிந்தான் என்றே கூறுகின்றது. மன்னன் வணங்கி மீண்டும் ஏற்கும்படி வேண்டியபோது, வாதவூரர் மந்திரிப் பதவியை ஏற்கவில்லை. இம்முறை பதவி அவரை விட்டு நீங்கவில்லை. அவர் பதவியை விட்டு நீங்கினார்.

அவர் பாடிய திருவாசகத்தையே சாட்சியாகக் கொண்டு நோக்குவோம். 51 பகுதிகளும் 656 பாடல்களும் கொண்ட அந்நூலில், நரியைப் பரியாக்கிய செய்தி வருகின்றது; இறைவன் மண் சுமந்து அடிபட்ட செய்தியும் வருகின்றது. ஆனால் “எனக்கு அநீதி செய்தனர்” என்று மன்னன்மீது ஒரு முறையீடு இல்லை. தாம் ஆண்ட அதிகாரத்தைப் பற்றிய பெருமையும் இல்லை. இறைவன் பட்ட அடியைப் பாடியவர் தாம் பட்ட துன்பத்தை வழக்காக்கவில்லை. தம்மை நாயினுங் கடையேனாக வைத்து அவர் அழுத அழுகை, மந்திரிப் பதவி போனதற்கு அழுத அழுகை அன்று. குருவைப் பிரிந்து தாம் இன்னும் உயிர்வாழ்வதற்கு அழுத அழுகை. பதவியிழந்தவனின் புலம்பலையும் தன்னையறிந்தவனின் கண்ணீரையும் பிரித்தறிய வேண்டுமானால், திருவாசகத்தை ஒருமுறை முழுமையாக ஓதினாற் போதும்.

இனி, புராணம் வேறு, சரித்திர ஆராய்ச்சி வேறு என்பதையும் வாலிபர் அறிதல் நன்று. அரிமர்த்தனன் என்னும் பெயரைக் கொண்டு காலத்தைத் துணிதல் எளிதன்று. மணிவாசகரின் மற்றொரு நூலாகிய திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் வருகின்றது. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஐக் குறிக்கும் ஐவர்மலைச் சாசனத்தால், இரண்டாம் வரகுணன் 862இல் அரசேறினான் என்பது தெளிவு. இவற்றைக் கொண்டு ஆராய்ச்சியாளர் பலர் அடிகளை 9ஆம் நூற்றாண்டினராகக் கொள்வர். மறைமலையடிகளோ 1930இல் வெளியிட்ட தம் பெருநூலில் 3ஆம் நூற்றாண்டு என வாதித்தார். அப்பர் தேவாரத்தில் நரியைக் குதிரையாக்கிய குறிப்பு வருவதும், சுந்தரரின் திருத்தொண்டத் தொகையில் வாதவூரர் பெயர் தனியே வாராமையும் இவ்வாதத்தின் இரு பக்கத்தாராலும் எடுத்துக் காட்டப்படுவன. காலம் எதுவாயினும், திருவாசகம் பாடிய உள்ளம் ஐயத்துக்கு இடமின்றி நம் முன்னே நிற்கின்றது. கிறித்தவ பாதிரியாராகிய ஜி. யூ. போப் ஐயரும் அவ்வுள்ளத்தில் ஈடுபட்டே, தம் எண்பதாம் வயதில், 1900ஆம் ஆண்டில், அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

திருப்பெருந்துறை இன்று ஆவுடையார்கோயில் என வழங்குகின்றது. அறந்தாங்கிக்கு அண்மையில், பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் தீபகற்பத்துக்கு மேற்கே உள்ளது. அங்கே மூலத்தானத்தில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் மாத்திரமே உண்டு. சுவாமியின் பெயர் ஆத்மநாதர். வடிவத்தைக் கடந்த ஒன்றை வழிபடுமாறு அமைந்த அக்கோயில், பட்டமும் பெயரும் நீங்கிய ஒருவரின் வரலாற்றுக்கு எவ்வளவு பொருத்தமானது!

அடிகளின் வரலாற்றில் நம் ஈழமும் இடம்பெறுகின்றது. ஈழத்திலிருந்து பௌத்த குருவுடன் சிதம்பரம் சென்ற அரசனின் ஊமை மகளை அடிகள் பேசுவித்தார் என்றும், வினாவும் விடையுமாய் அமைந்த திருச்சாழல் அப்போது எழுந்தது என்றும் புராணம் கூறும். அது நிற்க, யாழ்ப்பாணம் அவரைப் போற்றிய வகையும் சிறிதன்று. திருக்கோவையார் உரையை ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பரிசோதித்து அச்சிற் பதிப்பித்தார். திருவாதவூரடிகள் புராணத்துக்கு மட்டுவில் ம. க. வேற்பிள்ளை அவர்கள் விருத்தியுரை வகுத்தார். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் நம் கோயில்களில் ஒருவர் இப்புராணத்தை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். நவீனம் என்ற சொல்லை அறியாத நம் பாட்டனாரும் பாட்டியாரும் மந்திரியின் வீழ்ச்சியைக் கேட்டுக் கண்ணீர் விட்டது அந்த மண்டபங்களிலேதான். மரண வீட்டிலே சுண்ணம் இடிக்கும்போது நாம் ஓதுவதும் அவருடைய திருப்பொற்சுண்ணமே. விடியற்காலத் துயிலெழுச்சிக்கும் இறுதிப் பயணத்துக்கும் ஒருவருடைய பாட்டையே நாம் வைத்திருக்கின்றோம்.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? உத்தியோகத்தைப் பெருஞ்செல்வமாக மதித்த சமூகம் நம்முடையது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இடப்பெயர்வில், ஓர் இரவிலே வீடும் தோட்டமும் பதவியும் மதிப்பும் விட்டு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பலர் திரும்பி வந்தனர், மீண்டும் கட்டினர், மீண்டும் இழந்தனர். இரண்டாவது வீழ்ச்சி என்பது யாதென்று அவர்களுக்குப் புராணம் படித்துச் சொல்லவேண்டியதில்லை. அம்முதியோர் திருவாசகத்தைக் கையிலெடுக்கும்போது அது ஓர் இலக்கிய நூலாக மாத்திரம் இருப்பதில்லை.

வாலிப அன்பர்களே! நாளை உங்களிற் பலர் அலுவலகங்களில் அமர்வீர்கள், சங்கங்களின் தனாதிகாரிகளாவீர்கள், கோயிற் பணத்தைக் கையாள்வீர்கள். பொதுப்பணத்துக்குக் கணக்குண்டு; அடியார்க்கும் அக்கணக்கு உண்டு; இறைவனே பிரம்படியேற்ற கணக்கு அது என்பதை மறவாதிருங்கள். பதவி வரும்போது தென்னவன் பிரமராயனாகத் திறமையோடு கடமை செய்யுங்கள். அது ஒருநாள் நீங்குமாயின், நீங்கியது பட்டமே, நீங்கள் அல்லர் என்று தெளியுங்கள். ஆனி மகம் அடிகளின் குருபூசை நாள். அன்றைக்கேனும் நம் சங்க மண்டபத்தில் யாவரும் ஒருங்கு கூடித் திருவாசகத்தை முற்றோதுவோமாக.