ஆலைச் சங்கும் கணினியின் எச்சரிக்கையும்

1960களில் தொழிற்பேட்டை எழுந்த அம்பத்தூரில் வேலை நேரத்தையும் விபத்தையும் ஆலைச் சங்கு அறிவித்திருக்க, பிற்காலத்தில் அங்கே உயர்ந்த கண்ணாடி மாளிகைகளில் இரவெல்லாம் நிரல்களைக் காவல் காப்போருக்கோ அபாயம் ஓசையின்றி மின்னஞ்சலாகவே வந்து சேர்கிறது. 1980களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலுக்காக இயற்றிய சிஸ்லாக் என்னும் பதிவு முறை, நிரலின் நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்து எச்சரிக்கும் இவ்வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்று. பைத்தான் என்னும் நிரல் மொழியில், வினய் சஜிப்பும் டிரென்ட் மிக்கும் 2002-இல் முன்மொழிய, 2003-இல் 2.3 பதிப்புடன் வெளிவந்த லாகிங் தொகுதி, நிகழ்ச்சிகளை அற்ப விவரம் முதல் மகா ஆபத்து வரை ஐந்து படிகளாக வகுத்து, வேறு கட்டளை இல்லாதவிடத்து எச்சரிக்கைக்குக் கீழ்ப்பட்டவற்றை மௌனத்தில் விட்டுவிடுகிறது. சங்கு எதற்கெல்லாம் ஊதலாகாது என்றறிந்த ஊருக்கு இவ்விவேகம் புதிதன்று. படி உயர்ந்த செய்தியை மட்டும் அஞ்சலில் அனுப்பும் கருவியும் அதிலேயே உண்டு என்றாலும், ஒரே பிழை நூறு முறை எழுந்தால் நூறு மடல்கள் குவியுமாதலால், அனுபவஸ்தர்கள் அவற்றைத் திரட்டி ஒரே மடலாக்கும் ஏற்பாட்டைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்கின்றனர்.