நெற்றியோடு நெற்றி: போரிலிருந்து மீண்டவரும் ரிவர்ஸின் செவியும்

போர்முனையிலிருந்து திரும்பியவரிடம் ‘நடந்ததை மறந்துவிடு’ என்று சொல்வதைக் கருணையாகவே எண்ணுகிறோம். முதல் உலகப் போரின்போது மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் அதை மறுத்தார். 1918 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையில், அமுக்கி வைத்த நினைவே நோயை வளர்க்கிறது என்று அவர் வாதிட்டார். பகலில் விரட்டியது இரவில் கனவாக வந்து நிற்கும். இது சரியே, ஆனால் பாதி உண்மை. யாரிடம் சொல்கிறோம், கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதும் அதே அளவு முக்கியம் என்பது என் வாதம்.

ரிவர்ஸ் நமக்கு அந்நியரல்லர். 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடையே களப்பணி செய்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். மந்து எனப்படும் அவர்களின் குடியிருப்புகள்தோறும் சென்று, யாருக்கு யார் என்ன உறவு என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்தவர். அந்தச் செவிதான் பின்னாளில் எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனைக்குப் போனது.

அங்கே அவரிடம் வந்த ஓர் அதிகாரி, குண்டில் சிதறிய நண்பனின் உடலைக் கண்டவர். தலை வேறு, கைகால் வேறாகக் கிடந்த அந்தக் காட்சி இரவுதோறும் கனவில் வந்தது. ரிவர்ஸ் அதை மறக்கச் சொல்லவில்லை. உடல் அப்படிச் சிதறியிருந்ததே, நண்பன் வலியறியாமல் நொடியில் இறந்தான் என்பதற்குச் சான்று என்று எடுத்துக்காட்டினார். அதன்பின் கனவு மாறியது. அதிகாரி கனவில் நண்பனருகே மண்டியிட்டு, அவன் வீட்டாருக்குக் கொடுப்பதற்காக அவன் உடைமைகளை எடுத்தார், அச்சம் இல்லை. இன்னொரு கனவில் அவனோடு பேசினார். அதே கட்டுரையில் ரிவர்ஸ் தம் தோல்வியையும் மறைக்கவில்லை. வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணத்தின்மேல் முகம் புதைய விழுந்த ஒருவருக்குச் சொல்ல அவரிடம் ஆறுதலான பொருள் எதுவும் இல்லை. ராணுவத்தை விட்டு நாட்டுப்புறத்துக்குப் போகச் சொல்வதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

தோடர் இழவில் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி வைத்து அழுவார்கள். தனியாக அழுவதல்ல அது. ரிவர்ஸின் சிகிச்சைக்கும் இதற்கும் தொடர்பு காண்பது என் வாசிப்பு மட்டுமே. என்றாலும், அந்த வழக்கத்தில் இருக்கும் ஒன்று கிரெய்க்லாக்கார்ட்டில் இல்லை: கேட்பவரும் இழந்தவர்.

இன்னும் இரண்டு குறைகள் அங்கே இருந்தன. ஒன்று, அந்த மருத்துவமனை அதிகாரிகளுக்கு மட்டுமானது. வாய் பேசாமல் போன ஒரு சாதாரணச் சிப்பாயை லண்டனில் மருத்துவர் லூயிஸ் யெல்லண்ட் அறையில் பூட்டிவைத்து, பேசும் வரை தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். அதைச் சாதனையாக 1918இல் நூலிலும் எழுதினார். மனம் உடைந்த சிலருக்குச் சிகிச்சைக்குப் பதில் தண்டனையே கிடைத்தது: தப்பி ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006இல்தான்.

மற்றது இன்னும் ஆழமானது. ரிவர்ஸ் ராணுவச் சீருடை அணிந்த மருத்துவர். குணமான அதிகாரியைப் போர்முனைக்குத் திருப்பி அனுப்புவது அவர் கடமை. போரை எதிர்த்து அறிக்கை விட்டு 1917 ஜூலையில் அங்கே வந்த கவிஞர் சிக்ஃப்ரிட் சசூன், நவம்பரில் மீண்டும் பணிக்குப் போனார். மறு ஆண்டு பிரான்சில் தலையில் குண்டு பட்டுக் காயமடைந்தார். இத்தகைய நலத்தை நலமென்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. வீடு திரும்பியவருக்கான துணை, ராணுவத்தின் தேவை முடிகிற இடத்தில்தான் தொடங்க முடியும்.

அரை நூற்றாண்டு கழித்து அதைச் செய்து காட்டியவர்கள் படைவீரர்களே. வியட்நாம் போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் 1970இல் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். உளமருத்துவர்கள் சைம் ஷாட்டனும் ராபர்ட் ஜே லிஃப்டனும் அழைப்பின் பேரில் அங்கே போய் உட்கார்ந்தார்கள். ‘அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்றதில் அந்தப் பேச்சுக்கும் பங்குண்டு. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க அரசு, பெரிய மருத்துவமனைகளை விட்டு விலகி, கடைத்தெருக்களில் ஆலோசனை மையங்களைத் திறந்தது. அங்கே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்களில் பலர், தாங்களே வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்.