மானிப்பாயில் தமிழ் கற்ற இரசாயனம்

பள்ளி ஆய்வுகூடத்தில் நாகத் துண்டொன்றை ஐதான ஐதரோக்குளோரிக் அமிலத்தில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். குமிழ் குமிழாக வாயு கிளம்பும். எரியும் குச்சியைக் கிட்டக் கொண்டுபோனால் 'பொப்' என்று வெடிக்கும். அதுதான் ஐதரசன். உலோகங்களை அமிலத்தில் கரைத்து இந்த வாயுவைச் சேகரித்த ஹென்றி கவென்டிஷ், அது தனியொரு வாயு என்று 1766இல் லண்டனில் காட்டினார்.

அதே அமிலத்தில் செம்பைப் போட்டால் குமிழ் வராது. நாகம் தன் இலத்திரன்களை அமிலத்திலுள்ள ஐதரசன் அயன்களுக்குக் கொடுத்துவிடும், செம்பு கொடுக்காது. அப்படியானால் அம்மம்மா செம்புக் குடத்தைப் புளி போட்டு மினுக்குவது எப்படி? புளியில் உள்ள அமிலம் கரைப்பது செம்பை அல்ல, அதன் மேல் படிந்த ஒட்சைட்டுப் படலத்தை.

நாகம், ஐதரசன், இலத்திரன், அயன். இலங்கையில் படித்த உங்கள் அப்பா அம்மா இந்தச் சொற்களில்தான் இரசாயனம் படித்தார்கள். அதற்கு முன்னே ஒரு நீண்ட கதை இருக்கிறது.

1847இல் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற இளம் அமெரிக்க மிஷன் மருத்துவர் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் உள்ளூர் மாணவர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க வேலைக்கு வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளிகளுக்கு மருத்துவர் தேவைப்பட்டது. அதனால் 1860களில் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றுவதென்றால் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். கிரீனும் அவருடைய தமிழ் மாணவர்களும் சேர்ந்து உடற்கூற்றியல், சத்திரசிகிச்சை, மகப்பேறு என்று நூல் நூலாகத் தமிழாக்கினார்கள். 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் இந்த வேலையை விடவில்லை. 1875இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அந்தச் சொல் இன்று வழக்கில் இல்லை. பின்வந்தவர்கள் அதைவிடப் பொருத்தமான சொற்களை ஆக்கினார்கள். ஆனால் இரசாயனத்தைத் தமிழில் எழுதலாம் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ரொறன்ரோவில் வளரும் நம்மில் பலர் தமிழை வீட்டுக்கும் கோயிலுக்கும் பாட்டுக்கும் மட்டும் வைத்திருக்கிறோம். பாடம் என்று வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். தமிழில் அறிவியல் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால், கனடா ஒரு நாடாக உருவான 1867இல் மானிப்பாய் மாணவர்கள் தமிழில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லுங்கள்.

அடுத்த முறை ஆய்வுகூடத்தில் குமிழ் வரும்போது, என்ன நடந்தது என்பதை வீட்டில் அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். புளியைப் பற்றி அவருக்கும் உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.