ஏரிக்கரையில் ஒரு தாகம்: கனடாவின் பூர்வகுடிகளும் குடிநீர்ச் சட்டமும்

கனடா என்றதும் நம் நினைவுக்கு வருவது நயாகராவும், எண்ணிலடங்காத ஏரிகளும்தான். அந்த நாட்டில், ஏரிக்கரையிலேயே இருந்துகொண்டு 24 ஆண்டுகள் புட்டித் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஓர் ஊர் உண்டு என்றால் நம்புவீர்களா?

அந்த ஊர் ஷோல் லேக் 40. மானிடோபா, ஒண்டாரியோ மாகாணங்களின் எல்லையில் உள்ள பூர்வகுடி மக்களின் ஊர். வின்னிபெக் நகரத்தின் குடிநீருக்காக இந்த ஏரியிலிருந்து சுமார் 150 கி.மீ. நீளத்துக்கு ஒரு நீர்வழி கட்டப்பட்டு, 1919-ல் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதற்காக அம்மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. வெட்டிய கால்வாய் ஊரைத் தீவாக்கிவிட்டது. நகரம் நல்ல தண்ணீர் குடித்தது. ஊருக்கோ 1997-ல் "கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்" என்ற எச்சரிக்கைதான் வந்தது. வெளியுலகோடு இணைக்கும் சாலை 2019-லும், சுத்திகரிப்பு நிலையம் 2021-லும்தான் கிடைத்தன.

யாருடைய பொறுப்பு?

பணக்கார நாட்டில் ஏன் இப்படி? விடை சட்டத்தில் இருக்கிறது. 1867-ம் ஆண்டு அரசியல் சட்டப்படி பூர்வகுடிகளும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும் மத்திய அரசின் பொறுப்பு. ஆனால் குடிநீர்த் தரத்துக்குச் சட்டம் போட்டு வந்தவை மாகாணங்கள். 2000-ல் ஒண்டாரியோவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் மாசடைந்த குடிநீரால் 7 பேர் இறந்தார்கள். உடனே விசாரணை நடந்தது, 2002-ல் அந்த மாகாணத்தில் கடுமையான குடிநீர்ச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பூர்வகுடி ஊர்களை எட்டவில்லை. மத்திய அரசிடமும் அதற்கு ஈடான சட்டம் கிடையாது. அதே மாகாணத்தின் நெஸ்கன்டாகா என்ற பூர்வகுடி ஊரில் 1995 முதலே எச்சரிக்கை அமலில் இருந்தது. 2021-லும் அது நீங்கவில்லை. அதாவது, அங்கே பிறந்த குழந்தை 26 வயது வரை குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்ததில்லை!

மேலிருந்து வந்த சட்டம்

கடைசியில் 2013-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தரம் இருக்க வேண்டும் என்றது. அதற்கான பணத்துக்கு உறுதி தரவில்லை. குடிநீர்ப் பாதுகாப்புக்குத் தேவை என்றால் பூர்வகுடிகளின் உரிமைகளையே மீறலாம் என்றும் இடம் வைத்தது. பூர்வகுடித் தலைவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பணம் தராமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டுவது நியாயமா என்பது அவர்கள் கேள்வி.

2015-ல் ஆட்சிக்கு வந்த ஜஸ்டின் ட்ரூடோ அரசு, நீண்டகால எச்சரிக்கைகளை எல்லாம் 2021 மார்ச்சுக்குள் நீக்குவதாக வாக்களித்தது. பல ஊர்களில் நீங்கின. ஆனால் கெடுவுக்குள் வேலை முடியவில்லை. இதற்கிடையே நெஸ்கன்டாகா உள்ளிட்ட மூன்று பூர்வகுடிச் சமூகங்கள் நீதிமன்றம் போயின. 2021-ல் சுமார் 800 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி பழைய சட்டம் 2022-ல் ரத்தானது.

தங்கள் தண்ணீர், தங்கள் ஆட்சி

அடுத்து 2023 டிசம்பரில் புதிய மசோதா (சி-61) வந்தது. தங்கள் நிலத்தின் தண்ணீரை ஆளும் உரிமை பூர்வகுடிகளுக்கு இயல்பாகவே உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. 2013-க்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். ஆனால் 2025 ஜனவரியில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டதால் மசோதா காலாவதியானது.

சுயாட்சி வெறும் கனவு அல்ல என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அட்லாண்டிக் கரையோரப் பூர்வகுடிச் சமூகங்கள் பல சேர்ந்து 2018-ல் தங்களுக்கென ஒரு குடிநீர் அமைப்பைப் பதிவு செய்தன. 2022-ல் மத்திய அரசு உடன்படிக்கை செய்து, அந்தப் பொறுப்பை நிதியோடு அவர்களிடம் ஒப்படைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று. தரம் மட்டும் சொல்லும் சட்டம் தண்ணீரைச் சுத்தமாக்காது. பணமில்லாத அதிகாரமும் குழாயைத் திறக்காது. அன்று நீர்வழி வெட்டும்போது அந்த மக்களின் சம்மதத்துக்கு மதிப்பு இருந்திருந்தால், ஷோல் லேக் மக்கள் தங்கள் ஏரித் தண்ணீருக்காகவே ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.