கேன் தண்ணியோட பூர்வீகம்

சென்னையிலிருந்து எங்க தோட்டத்துக்கு வர்ற நண்பர்கள் முதல்ல கேட்கிறது, "கிணத்துத் தண்ணி குடிக்கலாமா?" என்பதுதான். கேட்கட்டும், தப்பில்லை. ஆனா அவங்க வீட்டுக்கு வந்து இறங்குற 20 லிட்டர் கேன் எதால் செஞ்சதுன்னு யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போ எங்க ஊருக்கும் டெம்போவில் கேன் வருது. அண்டாவும் சொம்பும் பந்தியை விட்டுப் போயாச்சு. சரி, இந்தக் கேனோட பூர்வீகம் என்னன்னு தேடிப் படிச்சேன். அது பிளாஸ்டிக் ஆலையில் தொடங்கலை, மருந்து ஆய்வகத்தில் தொடங்குது.

கண்ணாடி மாதிரி தெளிவா, கெட்டியா, லேசான நீல நிறத்தில் இருக்கிற கேன் பெரும்பாலும் பாலிகார்பனேட். அடியில் முக்கோணத்துக்குள்ள 7 என்றோ, பக்கத்தில் பிசி என்றோ இருக்கும். அதன் மூலப்பொருள் பிஸ்பீனால் ஏ. 1891-இல் தியானின் என்ற ரஷ்ய வேதியியலர் இதை முதலில் உருவாக்கினார். அப்போ அதை வெச்சு என்ன செய்றதுன்னு யாருக்கும் தெரியலை.

1936-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு மாற்றாக ஒரு மலிவான செயற்கைப் பொருளைத் தேடிக்கிட்டிருந்தார். சூலகம் நீக்கிய எலிகளுக்கு ஒவ்வொரு வேதிப்பொருளா கொடுத்துப் பார்த்தார். பிஸ்பீனால் ஏ அந்த ஹார்மோன் போலவே வேலை செய்தது, ஆனா வீரியம் குறைவு. 1938-இல் அதைவிடப் பல மடங்கு வீரியமான டிஇஎஸ் கிடைச்சதும் இதை ஓரம் கட்டிட்டாங்க.

டிஇஎஸ் கதை தனிக் கொடுமை. கரு கலையாமல் இருக்கும்னு அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தாங்க. கோழி கொழுக்கணும்னு அதன் கழுத்தில் குளிகையா வெச்சாங்க. அந்தத் தாய்மார்களுக்குப் பிறந்த பெண்பிள்ளைகளுக்கு இளவயதிலேயே அபூர்வமான புற்றுநோய் வருதுன்னு 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடிச்சாங்க. மருந்து தின்னது தாய், நோய் வந்தது மகளுக்கு.

ஓரம் கட்டின பிஸ்பீனால் ஏ-க்கு 1953-இல் மறுவாழ்வு கிடைச்சது. ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ், ரெண்டு பேரும் தனித்தனியா அதிலிருந்து பாலிகார்பனேட் செஞ்சாங்க. உடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும், யாருக்குத்தான் பிடிக்காது? பால்புட்டி ஆச்சு, தண்ணிக் கேன் ஆச்சு. டின் உணவு டப்பாவின் உள்பூச்சிலும் அதே பிஸ்பீனால் போச்சு. ஹார்மோன் போல வேலை செய்யும்னு அச்சிட்டு 17 வருஷம் ஆகியிருந்தது. அதை யாரும் எடுத்துப் பார்க்கலையேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

திரும்ப எடுத்துப் பார்க்க வெச்சதும் எலிகள்தான். 1998-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பாட்ரிஷியா ஹன்ட் என்ற ஆய்வாளரின் சுண்டெலிகளுக்குத் திடீர்னு கருமுட்டைகள் கோளாறாச்சு. வழக்கமா நூற்றுக்கு ஒன்றிரண்டில் இருக்கிற கோளாறு 40-க்குப் போச்சு. காரணம் தேடினா, பாலிகார்பனேட் கூண்டையும் தண்ணிப்புட்டியையும் தரை கழுவுற காரத்தால் யாரோ கழுவியிருக்காங்க. பிளாஸ்டிக் அரிச்சு, பிஸ்பீனால் கசிஞ்சிருக்கு.

அப்புறம்தான் அரசுகள் அசைஞ்சது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் பால்புட்டியில் தடை செய்தது. 2023-இல் அங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம், தினமும் உடம்பு தாங்கும்னு சொல்லியிருந்த அளவை 20,000 மடங்கு குறைச்சது. 2024 டிசம்பரில் உணவு படும் பொருட்கள் எல்லாத்துக்கும், சில விலக்குகளோடு, தடை வந்தது. மற்ற நாட்டு ஆணையங்கள் எல்லாம் இவ்வளவு கடுமையைக் ஏத்துக்கலை, அதையும் சொல்லிடணும்.

வீட்டில் என்ன செய்யலாம்? சூடுதான் முக்கியம். பாலிகார்பனேட் பாட்டிலில் கொதிக்கிற தண்ணி ஊத்தினா, சாதாரணத் தண்ணியைவிட 55 மடங்கு வரை வேகமா பிஸ்பீனால் கசிஞ்சதுன்னு 2008-இல் அளந்திருக்காங்க. அதனால வெயில்ல கிடந்த கேனும், கீறல் விழுந்து மங்கின கேனும் வேண்டாம்னு திருப்பி அனுப்புங்க. வந்த தண்ணியை உடனே எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாத்திடுங்க. கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் வாங்காம தூக்குவாளி கொண்டு போங்க. கடை பில்லின் வழவழப்பான தாளிலும் பிஸ்பீனால் இருக்கலாம், குழந்தை கையில் விளையாடக் கொடுக்காதீங்க. 'பிஸ்பீனால் இல்லை'ன்னு ஒட்டின சாமானை உடனே நம்ப வேண்டாம். அதுக்குப் பதிலா போடுற பிஸ்பீனால் எஸ்-சும் ஹார்மோன் வேலை காட்டுதுன்னு ஆய்வுகள் வந்திருக்கு. நம்ம கலர் பிளாஸ்டிக் குடம் வேற வகை, அதில் பிஸ்பீனால் கிடையாது. ஆனா சூடானது எதையும் அதில் ஊத்த மாட்டேன்.

ஒரு நல்ல சேதி, பிஸ்பீனால் ஏ உடம்பில் தங்காது, ஒரு நாளில் சிறுநீரில் போயிடும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவில் 5 குடும்பங்களுக்கு 3 நாள் டின்னும் பிளாஸ்டிக்கும் படாத புதுச் சமையலைக் கொடுத்தாங்க. சிறுநீரில் பிஸ்பீனால் சராசரியா 66 சதவீதம் குறைஞ்சது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினதும் மறுபடி ஏறிடுச்சு.