ஷாங்காயின் இரு ஆயர்கள்

சீனாவில் சமயம் அற்றே போயிற்று என எழுபதுகளில் பலர் எண்ணினர். 1966இல் எழுந்த பண்பாட்டுப் புரட்சியில் ஆலயங்கள் மூடப்பட்டன, பல கிடங்குகளாயின. ஆனால் 1979 முதல் கதவுகள் மெல்லத் திறந்தபோது உள்ளே நிறைவதற்கு மக்கள் இருந்தனர். மேய்ப்பர்கள் சிறையில் வாடிய காலத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தும், செபமாலை கற்பித்தும் விசுவாசத்தைக் காத்தவர்கள் பொதுநிலையினரே. 1980களிலும் அவர்கள் கண்ட திருப்பலி இலத்தீன் மொழியிலேயே அமைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காற்று அங்கு இன்னும் வீசவில்லை! இன்றோ நான்ஜிங் நகரில் அச்சிட்ட விவிலியங்கள் 2019க்குள் 20 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றுள் பெரும்பகுதி அயல்நாடுகளுக்குரியது எனினும் இது சிறிய செய்தியன்று.

வளரும் சமயத்தை அரசு வெறுமனே பார்த்திருக்குமா? 1982ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் சமய உரிமையை ஏற்றது. அயல்நாட்டு ஆதிக்கத்தை மறுத்தது. திருத்தந்தையோடு ஒன்றித்திருப்பதும் அயல்நாட்டு ஆதிக்கம்தானா? கத்தோலிக்கரை வாட்டிய வினா இதுவே.

1955 செப்டம்பர் 8, அன்னை மரியின் பிறப்பு விழா. அன்றிரவு ஷாங்காய் ஆயர் இஞ்ஞாசியார் குங் பின்மெய் கைதானார். இயேசு சபைக் குரு அலோசியுஸ் ஜின் லூஷியானும் கைதானார். 1960இல் குங்குக்கு ஆயுள் தண்டனை, ஜின்னுக்கு 18 ஆண்டுகள். உரோமையை மறுதலிக்க இசையாத குங் முப்பது ஆண்டுகள் சிறையில் கிடந்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979இல் அவரைக் கர்தினாலாக உயர்த்தியும், 1991இல்தான் அதை உலகறியச் செய்தார். ஜின்னோ 1982இல் விடுதலையாகி, ஷேஷான் குருமடத்தை ஏற்றார். 1985இல் உரோமையின் இசைவின்றியே ஆயராகத் திருநிலை பெற்றார்.

ஒருவரை வீரரென்றும் மற்றவரைத் துரோகியென்றும் தீர்ப்பிடுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஜின் உருவாக்கிய குருக்கள் இல்லையேல், திறந்த ஆலயங்களில் பலிபீடத்தருகே நிற்பவர் யார்? குங்கின் சிறையிருப்பு இல்லையேல், அக்குருக்கள் எதற்கு உண்மையாயிருக்க வேண்டும் என்பதை யார் நினைவூட்டியிருப்பார்? பின்னாளில் உரோமையும் ஜின்னை ஆயராக ஏற்றது.

குங் 2000இல் அமெரிக்காவில் இறந்தார். ஜின் 2013இல் ஷாங்காயிலேயே கண்மூடினார். ஆயர் நியமனம் குறித்து 2018இல் வத்திக்கானும் பெய்ஜிங்கும் உடன்படிக்கை செய்தன. 2023 ஏப்ரலில் அதே ஷாங்காயின் ஆயராக ஷென் பின் உரோமையைக் கேளாமலே அமர்த்தப்பட்டார். ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைமாவட்டத்தின் நன்மையை முன்னிட்டு அதனை ஏற்றுக்கொண்டார்.